ஓவன் மக்கர் பண்ணுகிறதா? கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கொங்குப் பக்கம் ஓவன் இப்போது கோவை, திருப்பூர் அபார்ட்மென்ட்களில் மட்டும் இல்லை. காங்கயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில்கூட கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில், மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) உட்கார்ந்திருக்கிறது. ராகி பிஸ்கட், நாட்டுச்சர்க்கரை கேக், ஊத்துக்குளி வெண்ணெய் போட்ட பன் என்று வீட்டிலேயே சுட்டு விற்கும் பெண்களும் நிறைய. மெஷின் வந்த வேகத்துக்கு அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள்தான் வரவில்லை. கம்பெனி ஆள் வர நாளாகிறது, வந்தவுடன் "போர்டு போச்சுங்க" என்று சொல்லிவிடுகிறார்.

மின்சார ஓவன் உண்மையில் எளிய சாதனம். சூடாகும் ராடுகள், சூட்டை அளந்து கரண்டை விட்டு விட்டுத் தரும் தெர்மோஸ்டாட், ஒரு டைமர், மேல் ராடா கீழ் ராடா என்று தேர்ந்தெடுக்கும் ஒரு திருகு, சூடு எல்லை மீறினால் அறுந்துபோகும் ஒரு ஃபியூஸ். சாதாரண ஓடிஜிக்குள் முக்கியமாக இருப்பது இவ்வளவுதான். எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்க்கும் கோளாறுகளில் பலவற்றுக்கு ஓவன் காரணமே இல்லை. சுவரில் வரும் கரண்டு, பிளக், எர்த் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் சுவரைப் பாருங்கள், அப்புறம் திருகுகளை, கடைசியாக உள்ளே.

கையில் ஒரு மல்டிமீட்டரும் ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டரும் இருந்தால் போதும். உள்ளே கை வைப்பதாக இருந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சில பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் (கரண்டு வரும் ஒயரில்) போடாமல் நியூட்ரலில் (கரண்டு திரும்பும் ஒயரில்) போட்டிருப்பார்கள். அணைத்தாலும் உள்ளே கரண்டு நிற்கும். வாரண்டி இருக்கிற ஓவனைத் திறக்கவே வேண்டாம்.

ஒன்றுமே வரவில்லை: விளக்கும் இல்லை, சூடும் இல்லை

முதலில் டைமரைப் பாருங்கள். ஓடிஜியில் டைமர் பூஜ்யத்தில் இருந்தால் மற்ற திருகுகளை எப்படி வைத்தாலும் கரண்டு உள்ளே போகாது. புதிதாக வாங்கியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பத்து நிமிடத்துக்குக் கீழே வைக்க வேண்டும் என்றால், முதலில் இருபது வரை திருப்பி, பிறகு பின்னால் கொண்டு வாருங்கள். அப்போதுதான் உள்ளே ஸ்பிரிங் சரியாக முறுக்கிக்கொள்ளும்.

டைமர் சரி என்றால், அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். செல்போன் சார்ஜர் வேலை செய்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். லூசான சாக்கெட்டில் சார்ஜர் ஓடும், ஓவன் ஓடாது. 1500 வாட் ஓவன் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 2000 வாட் என்றால் எட்டே முக்கால். இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வர்ஷன் பிளக் மாட்டி ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்: பின்னைச் சுற்றி பழுப்பு வளையம் இருக்கும், பிளாஸ்டிக் லேசாக வளைந்திருக்கும், கிட்டே மோந்தால் கருவாட்டு வாடை அடிக்கும். சமையலறையில் காரணமில்லாமல் அந்த வாடை வந்தால் எங்கோ சாக்கெட் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள்.

சாக்கெட்டும் நன்றாக இருந்து ஓவன் செத்துக் கிடந்தால், உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். இது பெரும்பாலும் திருகுகள் இருக்கும் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால், வெள்ளை ஸ்லீவுக்குள் மறைந்திருக்கும். ஒருமுறை அறுந்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிட்டு "சரியாயிருச்சுங்க" என்று கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் சூட்டை நிறுத்த அங்கே எதுவுமே இருக்காது. பழைய ஃபியூஸில் அச்சிட்டிருக்கும் டிகிரியும் ஆம்பியரும் பார்த்து அதே அளவில் போடச் சொல்லுங்கள். அது ஏன் போனது என்றும் கேளுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலோ, மேலே துணி, தட்டு என்று அடுக்கியிருந்தாலோ காற்று போக வழியில்லாமல் போயிருக்கும். பின்னாலும் பக்கத்திலும் நான்கு விரல் இடமாவது விடுங்கள்.

விளக்கு எரிகிறது, சூடு ஏறுகிறது, ஆனால் கேக் வேகவே மாட்டேன் என்கிறது

எங்கள் பக்கத்துக்கே உரிய கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காங்கயம் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் ஓர் அக்கா கூப்பிட்டிருந்தார். "ஏனுங்க தம்பி, காலைல போட்டா பன்னு அருமையா வருது. மத்தியானம் போட்டா களி மாதிரி உக்காந்துக்குது. மெஷின் போச்சுங்களா?" நான் ஓவனைத் தொடவில்லை. பவர் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 187 வோல்ட். வெளியே கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சுற்றுவட்டத் தோட்டங்களிலும் அதே நேரத்தில் மோட்டார் போட்டிருந்தார்கள். சாயங்காலம் மோட்டார்கள் நின்ற பிறகு அதே சாக்கெட்டில் 226 வந்தது.

ராடு தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஓவன், 187 வோல்ட்டில் ஏறத்தாழ 990 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போய்விடுகிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் தோட்டத்து லைன், விசைத்தறிகள் தடதடக்கும் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தெருக்கள், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீடுகள், இங்கெல்லாம் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க மீட்டர்கூடத் தேவையில்லை. ஓவனில் சூட்டைக் காட்டும் சின்ன விளக்கு இருக்கும். குறித்த சூடு வந்ததும் அது அணைந்து, குறைந்ததும் மறுபடி எரியும். 180 டிகிரியில் வைத்து, வெறும் ஓவனாகக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். சாதாரண ஓடிஜி அதற்குள் ஒருமுறையாவது அணைய வேண்டும். அரை மணி ஆகியும் அணையவில்லை என்றால் சூடு எட்டவே இல்லை. காரணம் மூன்றில் ஒன்று: வோல்டேஜ் குறைவு, ஒரு ராடு செத்தது, கதவு மூடாதது. காலையில் அணைகிறது, மத்தியானம் அணையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், லைன்தான்.

இதற்கு வழி? மோட்டார் ஓடாத நேரத்தில் சுடுவதுதான் சுலபம். அது முடியாதென்றால் சூடு ஏற்றும் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள், நடுவில் கதவைத் திறக்காதீர்கள். ஸ்டெபிலைசர் வாங்குவதானால் ஃபிரிட்ஜுக்கு விற்கும் சின்னது பத்தாது. 2000 வாட் ஓவனுக்கு 3 கேவிஏ அளவிலாவது வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் ஓவனை மாட்டவே கூடாது. சட்டப்படி வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216-க்குக் கீழே தொடர்ந்து போனால் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். வெறுமனே "கரண்டு டல்லா இருக்குது" என்பதைவிட அதற்கு மரியாதை அதிகம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. திடீரென வீட்டில் சில பல்புகள் பளீரென்று எரிந்து, சில மங்கி, ஓவன் ராடு வழக்கத்தைவிடச் சிவந்தால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது. யோசிக்காமல் மெயினை அணையுங்கள். ஃபிரிட்ஜ், டிவி எல்லாமே போகக்கூடிய நிலை அது.

அடி கருகுகிறது, மேல் பச்சையாக இருக்கிறது. அல்லது நேர் எதிராக

ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, திருகை மேல்-கீழ் இரண்டும் என்பதில் வைத்து, 230 டிகிரிக்கு ஏற்றிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ராடுகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். மேலே ஒன்றும் தெரியாமல் கீழே மட்டும் சிவந்தால், மேல் ராடோ அதற்குப் போகும் ஒயரோ போய்விட்டது. சில மாடல்களில் மேல் இரண்டு ராடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் இரண்டும் சேர்ந்து அணையும், இரண்டையும் மாற்ற வேண்டியதில்லை.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ராடின் முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றி, மீட்டரில் ஓம் பாருங்கள். கணக்கு எளிது: 230-ஐ 230-ஆல் பெருக்கி ராடின் வாட்டால் வகுக்க வேண்டும். 750 வாட் ராடு சுமார் 70 ஓம் காட்ட வேண்டும், 500 வாட் என்றால் சுமார் 106. குளிர்ந்த ராடு இதைவிட ஓரளவு குறைத்துக் காட்டினால் பரவாயில்லை. மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

ராடு நன்றாக இருந்து முனையில் மாட்டும் கிளிப் கறுத்துப் போயிருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கிளிப்பையும் ஒயரையும் மாற்றினால் போதும். ஆனால் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும், ஓவனுக்குள் உருகி ஒழுகிவிடும். கண்ணாடி நார் ஸ்லீவ் போட்ட ஒயர் என்று கேட்டு வாங்குங்கள், எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். கறுப்பு டேப் சுற்றவே கூடாது.

ராடுகள் எல்லாம் சிவக்கின்றன, ஆனாலும் அடி கருகுகிறதா? தட்டை நடு அடுக்குக்கு ஏற்றுங்கள். கறுப்பு டின்னாக இருந்தால் அலுமினிய டின்னுக்கு மாறிப் பாருங்கள். டின்னைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஓவன் அகலத்துக்குப் பெரிய தட்டு வைத்தால் கீழ்ச்சூடு மேலே வர வழியே இல்லை. இன்னொன்று, நம்ம ஊர் நாட்டுச்சர்க்கரையில் செய்த கேக் வெள்ளைச் சர்க்கரை கேக்கைவிடச் சீக்கிரம் நிறம் மாறும். அது ஓவன் குற்றமில்லை. பத்துப் பதினைந்து டிகிரி குறைத்து, கொஞ்சம் கூடுதல் நேரம் வையுங்கள்.

குறித்த டிகிரி ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறு

தெர்மாமீட்டரை நடு அடுக்கில் வைத்து, விளக்கு மூன்று நான்கு முறை அணைந்து எரியும் வரை காத்திருந்து, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் குறித்துக்கொண்டு நடுவில் உள்ளதை எடுங்கள். 180-க்கு வைத்தால் 165-க்கும் 195-க்கும் நடுவே ஊசலாடுவது சாதாரணம். எப்போதும் இருபது டிகிரி கூடவே நின்றால் திருகை அத்தனை குறைத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதற்காகத் தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டாம்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு அஸ்கா சர்க்கரை, அதாவது வெள்ளைச் சர்க்கரை, கைகொடுக்கும். அது உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். ஃபாயிலில் ஒரு ஸ்பூன் வைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் 175-ல் கால் மணி நேரம் விடுங்கள். உருகினால் ஓவன் அதிகமாகச் சுடுகிறது. 190-ல் வேறு ஒரு ஸ்பூன் கால் மணி நேரத்தில் உருகவில்லை என்றால் குறைவாகச் சுடுகிறது.

விளக்கு அணையாமல் சூடு ஏறிக்கொண்டே போய்ப் புகை வந்தால், தெர்மோஸ்டாட்டின் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அதைத் தேய்த்துச் சரிசெய்து ஓட்ட நினைக்க வேண்டாம், புதிதுதான் போட வேண்டும்.

தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது போட்டவுடன் வீடே டிரிப் ஆகிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஈரக் கையோடு சமையலறையில் நிற்கும் ஆளுக்கும் கரண்டுக்கும் நடுவே இருப்பது எர்த் மட்டும்தான்.

ராடுக்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்றும் சாரலும் அடிக்கும் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம், மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த ஓவனைப் போட்டவுடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் லைனை அணைக்கும் டிரிப்பர்) விழுவது இதனால்தான். ராடு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிரிப்பரைத் தாண்டி நேர் லைன் கொடுத்து ஓட்டுவதும் கூடவே கூடாது.

நம் பக்கம் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. எந்தச் சின்ன ஊரிலும் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கும், அங்கே கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் மீட்டர் இருக்கும். ஓவனைத் தூக்கிக்கொண்டு போய், ராடு முனைக்கும் பாடிக்கும் 500 வோல்ட்டில் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் ராடைக் கழற்றி வெயிலிலோ சூடான இடத்திலோ நன்றாகக் காயவிட்டு மறுபடி பார்க்கலாம். ஏறினால் ஈரம்தான் காரணம். ஏறவே இல்லை என்றால் ராடை மாற்றுங்கள்.

டிரிப் ஆகாமல் தொட்டால் மட்டும் சுர்ரென்றால் எர்த்தைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின் போட்டிருக்கிறார்களா? சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? சித்திரை, வைகாசியில் நம் செம்மண்ணும் சுக்காம்பாறையும் காய்ந்து கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்துவிடும். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது பழைய வழக்கம்தான், ஆனால் சரியான வழக்கம். அதிலும் தீரவில்லை என்றால் எலக்ட்ரீசியனை வைத்து எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஓவனைப் போடாதீர்கள்.

புகை, வாடை, சத்தம், கதவு

புது ஓவனில் முதல் நாள் புகை வருவது ராடில் பூசிய எண்ணெய். ஜன்னலைத் திறந்துவைத்து வெறும் ஓவனை 200 டிகிரிக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டினால் போய்விடும். பழையதில் வந்தால் அடித்தட்டில் விழுந்த வெண்ணெய்யும் கேக் துணுக்கும்தான் காரணம். மின்விசிறி கிறீச்சிட்டால் அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு; சுற்றவே இல்லை என்றால் மோட்டார். உள் பல்பு போனால் 300 டிகிரி தாங்கும் ஓவன் பல்புதான் போட வேண்டும், எல்இடி உருகிவிடும்.

கதவில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ரப்பர் கேஸ்கட் உள்ள ஓவனில் தாள் இறுகப் பிடித்து வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் சூடு ஒழுகுகிறது. சூடான கண்ணாடியில் ஈரத்துணி வைக்காதீர்கள், வெடித்துச் சிதறும்.

கேஸ் ஓவன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பற்றவைத்துத் திருகை விட்டதும் அணைகிறதென்றால், பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் தீயை உணரும் தெர்மோகப்பிள் கரி படிந்தோ கெட்டோ இருக்கிறது. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே போய் நின்று 1906-க்கு (கேஸ் கசிவு அவசர எண்) போன் போடுங்கள்.

மைக்ரோவேவ் சூடாக்கவில்லை

மைக்ரோவேவின் பின்மூடியை மட்டும் யாரும் வீட்டில் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் நிற்கும். வெளியிலிருந்தே செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, உள் சுவரில் இருக்கும் அட்டை மாதிரியான மைக்கா தகடு. அதில் எண்ணெய் தெறித்துக் கருகினால் தீப்பொறி பறக்கும். அதே அளவுக்கு வெட்டி மாற்றலாம், விலையும் குறைவு. இரண்டாவது, சூடு குறைந்திருக்கிறதா என்று சோதிப்பது. கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரில் சூடு பார்த்து, முழு வேகத்தில் இரண்டு நிமிடம் வைத்து, கலக்கி, மறுபடி பாருங்கள். கூடிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அது தரும் வாட் வரும். 800 வாட் என்று போட்டிருப்பது 23 டிகிரி கூட்ட வேண்டும். 12, 13 டிகிரிதான் கூடுகிறது, வோல்டேஜும் சரியாக இருக்கிறது என்றால் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் பலவீனமாகியிருக்கலாம். அதை மாற்றும் செலவு பாதி மைக்ரோவேவ் விலைக்கு வந்தால் புதிது வாங்குவதே மேல்.

ஓடிஜி அப்படி இல்லை. ராடு, தெர்மோஸ்டாட், டைமர் மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கும், எந்த நல்ல எலக்ட்ரீசியனும் மாட்டுவார். கடைக்குப் போகும்போது பழைய பாகத்தையும், ஓவனின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண் ஸ்டிக்கரின் போட்டோவையும் எடுத்துப் போங்கள். ராடின் நீளமும் முனை வடிவமும் மாடலுக்கு மாடல் மாறும்.